பூட்ஸ், சல்ஃபைடு, எஃப்-35: ஆயுத ஏற்றுமதி குறித்து வேலூர் வட்டாரக் கேள்விகள்

பதில்: ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்ட ஆலோசகர்

ஆம்பூர்: சார், வெளிநாட்டு ராணுவத்துக்கு பூட்ஸ் ஆர்டர் வந்திருக்கு. இது ஆயுத ஏற்றுமதியில சேருமா?

தோல் பூட்ஸ் மட்டும் என்றால் சேராது. நம் நாட்டுக் கட்டுப்பாட்டுப் பட்டியலின் பெயர் ஸ்கோமெட். அதன் 6-வது பிரிவுதான் படைக்கலங்கள். ராணுவ ஹெல்மெட், குண்டு துளைக்காத உடுப்பு இரண்டும் 6ஏ013-ல் வரும். அதே ஆர்டரில் "ஹெல்மெட்டும் சேர்த்து அனுப்புங்க" என்றால் பாதுகாப்பு உற்பத்தித் துறையின் உரிமம் வேண்டும். சுங்கத்தின் எச்எஸ் எண்ணைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அது வரிக்கான எண். ஸ்கோமெட் எண்ணைப் பொருளின் தொழில்நுட்ப விவரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ராணிப்பேட்டை: தோல் ஷாப்புகளுக்கு கெமிக்கல் சப்ளை பண்றோம். சோடியம் சல்ஃபைடு வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

தோலில் மயிர் போக்க சுண்ணாம்போடு கலக்கிற அதே சல்ஃபைடு, ரசாயன ஆயுத மூலப்பொருள்களைக் கண்காணிக்கும் ஆஸ்திரேலியா குழுவின் பட்டியலிலும் இருக்கிறது. இந்தியா 2018 ஜனவரியில் அந்தக் குழுவில் சேர்ந்தது. ஆகவே ஸ்கோமெட் 1-வது பிரிவைப் பார்க்காமல் பில் போடாதீர்கள். இதற்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம் டிஜிஎஃப்டி, அதாவது மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்.

விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும் இடம் இறுதிப் பயனாளர் சான்றிதழ், அதாவது சரக்கைக் கடைசியில் யார், எதற்குப் பயன்படுத்துவார் என்று எழுதித் தரும் காகிதம். பணம் கட்டுபவர் துபாய் வியாபாரி, சரக்கு இறங்குவது வேறு நாட்டுத் தோல் ஷாப் என்றால் வியாபாரியின் கையெழுத்து மட்டும் போதாது. நடுவில் இருக்கும் ஒவ்வொருவரும் தர வேண்டும். ஆர்டரில் 20 டன், சான்றிதழில் 24 டன் என்றிருந்தால் கேள்வி வரும். பட்டியலில் இல்லாத பொருளே ஆனாலும், பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தே அனுப்பினால் 2005-ம் வருடச் சட்டப்படி குற்றம்.

குடியாத்தம்: அந்தச் சான்றிதழ் வாங்கிட்டா அரசாங்கத்தோட கடமை முடிஞ்சுதா?

இல்லை. பலரும் சறுக்குவது இங்கேதான். சரக்கு வேறு கைக்கு மாறாமல் இருக்கத்தான் அந்தச் சான்றிதழ். கையெழுத்துப் போட்ட ராணுவமே ஆஸ்பத்திரி மேல் குண்டு போட்டால் அந்தக் காகிதம் என்ன செய்யும்?

1949 ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான 1-வது பிரிவு, ஒரு நாடு தான் சட்டத்தை மதிப்பதோடு மற்றவரும் மதிக்கும்படி செய்ய வேண்டும் என்கிறது. மீறுபவரை ஊக்குவிக்கக் கூடாது என்று 1986-ல் நிகரகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் இதை அமெரிக்காவுக்குச் சொன்னது. ஆயுதம் விற்பவரையும் இது கட்டுப்படுத்தும் என்பது சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் நிலை. அவ்வளவு தூரம் போகாது என்பது அமெரிக்காவின் வாதம். எனக்குச் செஞ்சிலுவையின் வாசிப்பே சரியாகப் படுகிறது.

உரிமம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை: வாங்கும் படை இதுவரை எப்படிப் போரிட்டது, மீறிய வீரர்களை விசாரித்துத் தண்டித்ததா, இப்போது கேட்பது எது. ரேடாருக்கும் பீரங்கிக் குண்டுக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

காட்பாடி, சட்ட மாணவி: ஐயா, ஆயுத வணிக ஒப்பந்தம் இந்தியாவைக் கட்டுப்படுத்துமா? கோர்ட்டுக்குப் போனால் நிற்குமா?

கட்டுப்படுத்தாதும்மா. நாடுகளுக்கிடையிலான ஆயுத விற்பனைக்கு விதி போடும் அந்த ஒப்பந்தத்தின் மீது 2013 ஏப்ரல் 2-ல் நடந்த ஐ.நா. வாக்கெடுப்பில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது, பிறகும் சேரவில்லை. ஆனால் ஜெனீவா உடன்படிக்கைகளையும் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையையும் ஏற்றிருக்கிறது. இஸ்ரேலுக்கு ஆயுத உரிமம் தரக் கூடாது என்ற மனுவை 2024 செப்டம்பர் 9-ல் நம் உச்ச நீதிமன்றம், வெளியுறவு அரசின் வேலை என்று தள்ளுபடி செய்தது.

நெதர்லாந்தில் வேறு மாதிரி. இஸ்ரேலுக்குப் போகும் எஃப்-35 போர் விமான உதிரிபாகங்களை ஏழு நாளில் நிறுத்து என்று 2024 பிப்ரவரியில் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முடிவெடுப்பது அரசுதான், ஆறு வாரத்தில் உரிமத்தை மறுபரிசீலனை செய் என்றது. பிரிட்டன் 2024 செப்டம்பரில் இஸ்ரேலுக்கான சுமார் 350 உரிமங்களில் 30-ஐ நிறுத்தியது. அதிலும் பல நாடுகள் பகிர்ந்துகொள்ளும் உலகப் பொது இருப்புக்குப் போகும் எஃப்-35 பாகங்களுக்கு விலக்கு! எனக்கு அது நழுவலாகவே தெரிகிறது.

வாணியம்பாடி: உரிமம் கிடைச்ச பிறகு அந்த நாட்டுல சண்டை ஆரம்பிச்சா?

கொடுத்த உரிமத்தை அரசு நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்: உரிமம் நின்றால் தாமத அபராதம் கிடையாது, முடிந்த வேலைக்குப் பணம் உண்டு, முன்பணத்தில் எவ்வளவு திரும்பத் தர வேண்டும். வங்கி உத்தரவாதம் கொடுத்திருந்தால் அதிலும் இதே வாசகம் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு உத்தரவாதத்தில் விட்டுவிட்டால் வாங்குபவர் நேரே வங்கிக்குப் போவார்.