சீனி 2 கிராம்தான், பிறகேன் ஏறுகிறது?

கேள்வி: சீனி வருத்தமுள்ள அம்மாவுக்காக, ‘சீனி சேர்க்கப்படவில்லை’ என்று அச்சிட்ட சத்துமாப் பைக்கற் ஒன்றைத் திருகோணமலை நகரக் கடையில் வாங்கினோம். 100 கிராமில் மொத்தக் காபோவைதரேட்டு 78 கிராம், அதில் சீனி 2, நார்ப்பொருள் 3 என்று போட்டிருக்கிறது. ஆனால் குடித்து ஒரு மணித்தியாலத்தில் அவருக்குச் சீனி நன்றாக ஏறுகிறது. இது ஏமாற்றா? முறையிடலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: பைக்கற்றின் பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடையில் கூடியது முதலில் வரும். முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் ‘மால்டோடெக்ஸ்ட்ரின்’ இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

லேபலில் ‘சீனி’ என்று கணக்கெடுப்பது குளுக்கோசு போன்ற ஒற்றைச் சர்க்கரைகளையும், சுக்குரோசு, இலற்றோசு போன்ற இரட்டைச் சர்க்கரைகளையும் மட்டுமே. மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாப்பொருளைச் சிறு துண்டுகளாக வெட்டி எடுத்த தூள். துண்டொன்றில் பெரும்பாலும் 3 முதல் 20 வரையான குளுக்கோசு அலகுகள் கோத்திருக்கும். மூன்று சேர்ந்துவிட்டாலே அது ‘சீனி’ வரிக்குள் வராது. நாக்குக்கும் அவ்வளவாக இனிக்காது. சிறுகுடலில் நொதியங்கள் அதை உடனே குளுக்கோசாக்கிவிடும். சாதாரணச் சீனியில் பாதி பிரக்டோசு. இதிலோ முழுவதும் குளுக்கோசு. அதனால் இது சீனியை விடவும் வேகமாக இரத்தத்தில் ஏறக்கூடும்.

நார்ப்பொருளின் கதை வேறு. அரிசியின் மாப்பொருளும் வைக்கோலின் செலுலோசு என்ற நார்ப்பொருளும் குளுக்கோசால் ஆனவையே. மாப்பொருளில் குளுக்கோசுகளைக் கோத்திருப்பது அல்பா என்ற வகைப் பிணைப்பு. அதை வெட்ட நமக்கு நொதியம் உண்டு. செலுலோசில் பீற்றாப் பிணைப்பு. சங்கிலிகள் நேராக நீண்டு ஒன்றோடொன்று இறுகியிருக்கும், நம் நொதியத்துக்கு அது அகப்படாது. ஆகவே நீங்கள் பார்க்கவேண்டிய கணக்கு 78-இல் 3 போக 75. ஒரு தடவைக்கு 30 கிராம் கரைத்தால், செரிக்கக்கூடிய காபோவைதரேட்டு 22 கிராமுக்கு மேல்.

மால்டோடெக்ஸ்ட்ரின் இல்லாத சத்துமா என்றாலும் கவனம் வேண்டும். தானியத்தை நைசாக அரைக்கும்போது மாப்பொருளைப் பொதிந்திருக்கும் கலச்சுவர் உடைந்து, செரிமானம் விரைகிறது. அம்மாவுக்கு மாவை விட முழுதாக அவித்த பயறோ கடலையோ மேல். அவற்றின் மாப்பொருளில் அமைலோசு என்ற கிளையில்லாத வகையும் அதிகம், அது மெதுவாகவே உடையும். குடித்தபின் கண்ட அளவுகளைக் குறித்துக் கிளினிக்கில் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

முறைப்பாடு பற்றி: சீனி சேர்க்காமல் மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்து, அதைப் பட்டியலிலும் காட்டியிருந்தால், அந்த வாசகத்தைப் பொய் என்று நிறுவுவது கடினம். உடைத்த பைக்கற்றைக் கடைக்காரர் திருப்பி எடுப்பதும் சந்தேகமே. ஆனால் பட்டியலில் குளுக்கோசுப் பாகு, தேன், பனங்கட்டி ஏதும் இருந்தாலோ, ‘நீரிழிவைக் குணமாக்கும்’ என்று அச்சிட்டிருந்தாலோ விடாதீர்கள். பற்றுச்சீட்டையும் வெற்றுப் பைக்கற்றையும் பத்திரப்படுத்தி, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்திலும் சொல்லலாம்.