விரல் கருவி இருக்க, மணிக்கட்டில் ஊசி எதற்கு?

கேள்வி: பீடி குடித்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர் என் அப்பா, இப்போது சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் அடைபட்டு நாள்பட இருக்கும் நுரையீரல் நோய்). விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 90 காட்டுகிறது. அப்படியும் வேலூர் டாக்டர் மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கணும் என்கிறார். பணம் பிடுங்கவா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: இதில் டாக்டரைச் சந்தேகப்பட வேண்டாங்க. விரல் கருவி ஆக்சிஜனையும் நாடித் துடிப்பையும் மட்டும்தான் சொல்லும். மூச்சை முழுசாக வெளியே விட முடியாதவர்களுக்கு உள்ளே தேங்குகிற கார்பன் டை ஆக்சைடை அதால் காட்ட முடியாது, மணிக்கட்டில் எடுக்கும் ரத்தம்தான் காட்டும். அந்த ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 35 முதல் 45 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கணும். ஏறினால் ரத்தம் அமிலமாகும், காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் என்று ஆரம்பித்து நினைவு தப்புகிற வரைக்கும் போகலாம்.

இது தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாய்) ரத்தம் என்பதால் சாதாரண ஊசியை விட வலிக்கும்தான், மறைக்க விரும்பவில்லை. எடுத்ததும் பஞ்சை வைத்து ஐந்து நிமிஷமாவது அழுத்திப் பிடியுங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் கை கன்றிப்போகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, ஆக்சிஜன் வைத்திருந்தால் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வீட்டில் சிலிண்டர் இருந்தால் விரல் கருவியில் 98 வரட்டுமே என்று நீங்களாகத் திருகாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறவர்களுக்குப் பொதுவாக 88 முதல் 92 போதும். அதிக ஆக்சிஜனே அதை இன்னும் ஏற்றிவிடும்.