அரைக்கால்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கல்வியியல் கல்லூரியில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கணிதம். இன்னும் ஐந்து வாரத்தில் தேர்வு முடிந்துவிடும். ஜூனில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், அதனால் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

செய்முறைத் தேர்வு முடிந்தது, ரெக்கார்டு எல்லாம் கையெழுத்தாகிவிட்டது. ஹாஸ்டலில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்குப் போன அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பின்னங்கள் எடுத்தேன். ஒரு பையன் எழுந்து, "மிஸ், எட்டு நாலைவிடப் பெருசுதானே? அப்புறம் எப்படி எட்டில் ஒன்று நாலில் ஒன்றைவிடச் சின்னது?" என்று கேட்டான். பின்னால் எங்கள் பேராசிரியர் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார். "கீழே இருக்கிற பகுதி பெருசானா பின்னம் சின்னதாகும், எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அவன் எழுதிக்கொண்டான். அதன் பிறகு என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. 16 வாரப் பயிற்சி முடிந்து கிளம்பிய அன்று மற்ற பிள்ளைகள் பேனாவும் கார்டும் கொடுத்தார்கள். அவன் கடைசி பெஞ்சிலேயே இருந்தான்.

எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாததை 40 பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தரப்போகிறேன்? நீங்கள் பல வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். இந்த ஐந்து வாரத்தில் நான் எதைப் படித்துத் தயாராவது?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சருக்கு,

அந்தப் பையனிடமிருந்தே தொடங்குகிறேன். எட்டு நாலைவிடப் பெரியது என்று அவனுக்கு ஐந்து வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதை நம்பித்தான் கேட்டான். அவன் வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. கையில் இருந்த அறிவை வைத்து நேர்மையாக யோசித்த பிள்ளை அவன். நீங்கள் சொன்ன பதிலும் தப்பில்லை, தேர்வில் எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனால் அவன் கேட்டதற்கு அது பதில் இல்லை. அது உங்களுக்கே தெரிந்திருப்பதால்தான் தூக்கம் வரவில்லை.

நானும் இதையே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், எட்டாம் வகுப்பு. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வரும் என்று போர்டில் எழுதினேன். ஒரு பெண் கேட்டாள்: "கடனைக் கடனால பெருக்கினா எப்படி டீச்சர் காசு வரும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லத் தைரியமும் இல்லை. "இதுகூடத் தெரியாதா? விதி அது, மனப்பாடம் பண்ணு" என்றேன். அவள் அப்பா உண்மையிலேயே கடனில் இருந்தவர் என்று பின்னால் தெரிந்தது. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: உன் அப்பாவுக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய் வீதம் மூன்று பேரிடம் கடன் இருக்கிறது. மூன்று பேரும் வேண்டாம், விட்டுவிடு என்று சொல்லிவிட்டால் அவர் கையில் 15 ரூபாய் கூடின மாதிரிதானே? மூன்று கடனை எடுத்துவிடுவது மைனஸ் மூன்று, ஒவ்வொரு கடனும் மைனஸ் ஐந்து. இந்த விளக்கம் எனக்குப் பிடிபட்டபோது அவள் பள்ளியை விட்டே போயிருந்தாள்.

சரி, எதைப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஐந்து வாரம் எழுதுங்கள் என்பேன். ஒரு நோட்டு வாங்கி, கணக்கில் உங்களுக்கு எது எது புரியாமல் இருந்தது என்று எழுதுங்கள். எந்த வகுப்பு, எந்த இடத்தில் நின்றுபோனீர்கள், என்னவென்று தப்பாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள், யார் என்ன சொன்னபோது விளங்கியது, எல்லாம். விளங்காமலே மார்க் வாங்கித் தாண்டி வந்தவற்றையும் எழுதுங்கள். அவை நிறைய இருக்கும், கூச்சப்பட வேண்டாம்.

ஏன் இப்போதே என்றால், இந்த ஞாபகம் போய்விடும். ஒரே பாடத்தை நாலைந்து வருடம் நடத்திவிட்டால் அது நமக்குப் பிறவியிலேயே தெரிந்தது போல ஆகிவிடுகிறது. என் சர்வீஸின் இருபதாம் வருடத்தில் அந்தப் பையன் என்னிடம் அதைக் கேட்டிருந்தால், இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பேன். நீங்கள் இன்னும் அவன் பக்கத்தில் நிற்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் பயப்படுகிற அதே காரணத்தால், மூத்த ஆசிரியர்களுக்குக் கேட்காதது உங்களுக்குக் கேட்கும்.

இன்னொன்று. ஹாஸ்டல் முழுக்கத் தமிழும் வரலாறும் ஆங்கிலமும் எடுத்த தோழிகள் இருப்பார்கள். அவர்களில் பலர் கணக்கிடமிருந்து தப்பித்து வந்தவர்கள். எந்த வகுப்பில், எந்தக் கணக்கில் விட்டுப்போனது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். துல்லியமாகச் சொல்வார்கள், அந்த அவமானம் யாருக்கும் மறப்பதில்லை. 35 ஐந்தைவிடப் பெரியது என்பதால் 0.35 என்பது 0.5-ஐவிடப் பெரியது என்று நினைத்திருப்பார் ஒருவர். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலேயும் கீழேயும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருப்பார் இன்னொருவர். இருந்ததோடு இன்னொன்றைக் கூட்டினோம், விடை அரையைவிடக் குறைந்துவிட்டதே என்று அவருக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூ சான்று வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு ஊர் போன பிறகு இத்தனை பேர் ஒரே வராந்தாவில் கிடைக்க மாட்டார்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு திறனை மட்டும் சில நிமிடம் நடத்திப் பழகுகிற நுண்ணிலைக் கற்பித்தலில், பதிலைத் துருவித் துருவிக் கேட்கும் கிளர் வினாத் திறன் என்று ஐந்து நிமிடம் செய்து காட்டியிருப்பீர்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960களில் உருவான முறை நுண்ணிலைக் கற்பித்தல். அங்கே உண்மையான பள்ளி மாணவர்களை எதிரில் உட்காரவைத்தார்கள். நம் கல்லூரிகளில் தோழிகளே மாணவர்கள், அவர்களுக்கு நீங்கள் எதிர்பார்க்கிற பதில் தெரியும், உடனே சொல்லிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தோடு வகுப்புக்குப் போகும்போது, கேள்வி கேட்டதும் பதில் வராவிட்டால் பதறுகிறோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் இதைத்தான் அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடி ஆக்கினால் போதும், பதில்கள் நீளமாகின்றன, "தெரியாது" குறைகிறது, வாய் திறக்காத பிள்ளைகள் பேசுகிறார்கள். மூன்று விநாடி சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று ஜூனில் தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். நான் அதைப் பழகவே ஒரு வருடம் ஆனது.

இப்போது அரைக்கால். உங்கள் பாட்டியோ அவர் வயதுக்காரர்களோ இருந்தால், பழைய அளவுகளைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம் என்று இறங்குவார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டு நூலில் மனப்பாடம் செய்தது இதைத்தான், முந்திரி வரைக்கும் போகும், அது 320-இல் ஒன்று. அதில் எட்டில் ஒன்றுக்குப் பெயர் அரைக்கால். காலில் பாதி. சொல்லுக்குள்ளேயே அந்தப் பையனுக்கான பதில் இருக்கிறது. 1/8 என்று எழுதினால் கண்ணுக்கு எட்டு மட்டும்தான் தெரிகிறது. அரைக்கால் என்று சொன்னால், கால் கிலோ சர்க்கரை வாங்கி அதைப் பாதியாகப் பங்குபோட்டதுதான் நினைவுக்கு வருகிறது. காலைவிட அது பெரிதாக இருக்க முடியாது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கடைக்குப் போகும் பிள்ளைகள் 250 கிராமையும் 125 கிராமையும் குழப்பிக்கொள்வதில்லை, கணக்கு நோட்டைத் திறந்தால்தான் குழம்புகிறார்கள். இவ்வளவு அழகான சொற்களை வகுப்பறைக்கு வெளியே விட்டுவிட்டோம் என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

நடைமுறையாகச் சில. சேரும்போது அசல் சான்றிதழ்களைப் பள்ளியில் ஒப்படைக்கச் சொன்னால், நகல் கொடுத்து அசலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வாருங்கள். அவற்றைத் திரும்ப வாங்க அலைந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளை விட்டுவிடாதீர்கள். 150 மதிப்பெண்ணில் 60 உங்கள் கணிதம்–அறிவியல் பகுதி, ஒரு முறை தேறினால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள், முதல் மாதத்திலேயே தொண்டை போய்விடும். அப்புறம், தோழிகளோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பயத்தில் இந்த வாரங்களை வீணாக்கிவிட்டு நான் இன்றுவரை ஏங்குகிறேன். என் பி.எட். வகுப்பில் பாதிப் பேரின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூட இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. நீங்கள் பயிற்சிக்குப் போன பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம் போய் வாருங்கள். பழைய செய்தித்தாளில் ஒரே அளவில் இரண்டு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனைக் கூப்பிட்டு, "அன்னிக்கு நீ கேட்டது நல்ல கேள்வி, நான்தான் சரியா சொல்லல" என்று சொல்லுங்கள். பிறகு ஒரு தாளை நான்காகவும் இன்னொன்றை எட்டாகவும் மடிக்கச் சொல்லி, அவன் கையாலேயே கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டாம். மூன்று விநாடி பொறுத்திருங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.