கேள்வி நேரம்: தூண் ஓரிடம், கோட்டை வேறிடம்

கேள்வி: அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் 'ஜான் பிரவுன் கோட்டை'யைப் பார்த்தோம். சற்றுத் தள்ளி, ரயில் பாதைக் கரைமேட்டில் ஒரு கல்தூண். கோட்டை இருந்த இடம் அதுதான் என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். தூண் நிற்பது அசல் இடத்தில். நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தது, ஊர் சுற்றித் திரும்பி வந்த கட்டடம். இரண்டுக்கும் இடையே சுமார் 150 அடி.

முதலில் அது கோட்டையே அல்ல. அரசு ஆயுதத் தொழிற்சாலை வாசலில் 1848இல் கட்டிய தீயணைப்பு வண்டிக் கொட்டகையும் காவலர் அறையும்தான். முப்பத்தைந்தரை அடிக்கு 24 அடி. செங்கல் சுவர், ஸ்லேட் கூரை, செம்புத் தகட்டில் மழைநீர்க் குழாய். அடிமை முறையை ஆயுதத்தால் ஒழிக்கப் புறப்பட்ட ஜான் பிரவுன், 1859 அக்டோபர் 16 இரவு 21 பேருடன் தொழிற்சாலையைப் பிடித்தார். சுற்றி வளைக்கப்பட்டதும் இந்தக் கொட்டகைக்குள் புகுந்து கதவடைத்தார். 18ஆம் தேதி காலை, ராபர்ட் இ. லீ என்ற ராணுவ அதிகாரியின் தலைமையில் வந்த கடற்படை வீரர்கள் சம்மட்டியால் கதவைப் பிளக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. உள்ளே கதவைக் கயிற்றால் கட்டியிருந்ததால், ஒவ்வோர் அடிக்கும் கதவு பின்வாங்கி அடியை வாங்கிக்கொண்டது. கனமான ஏணியைத் தூக்கி ஓடிவந்து இடித்த பிறகுதான் கீழ்ப்பகுதி உடைந்தது. டிசம்பர் 2இல் பிரவுன் தூக்கிலிடப்பட்டார்.

கட்டடம் இடம் மாறிய கதைக்கு வருவோம். 1891இல் பிரித்தெடுத்து, சிகாகோ உலகக் கண்காட்சிக்காகக் கொண்டுபோனார்கள். பத்து நாளில் வந்தவர்கள் 11 பேர்! மறுபடி பிரித்து ஒரு காலி மனையில் போட்டுவிட்டார்கள். கேட் ஃபீல்ட் என்ற பத்திரிகையாளர் பணம் திரட்டியதால் 1895இல் ஊர் திரும்பியது. ஆனால் பழைய இடத்துக்கு அல்ல, ஊருக்கு வெளியே மர்ஃபி பண்ணைக்கு. 1909இல் கறுப்பின மாணவர்களின் ஸ்டோரர் கல்லூரி அதை வாங்கித் தன் வளாகத்துக்குக் கொண்டுபோனது. இப்போதைய இடத்தில் வைத்தது தேசியப் பூங்காத் துறை, 1968இல். அசல் இடத்திலேயே வைத்திருக்கலாமே என்பீர்கள். அதற்குள் பால்டிமோர் & ஒஹாயோ ரயில்வே பாதையை மாற்றி அமைத்து, அந்த நிலத்தின் மீது மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பிவிட்டது. தூணை நட்டதும் அதே ரயில்வேதான்! அதனால்தான் தூண் மேட்டின் மேலே நிற்கிறது. 1859இன் தரைமட்டம் அதற்கு வெகு கீழே.

கேள்வி: அங்கே போய்த் தொழிற்சாலை கட்டுவானேன்?

பதில்: ஜார்ஜ் வாஷிங்டன் தேர்ந்த இடம் அது. பொட்டோமேக், ஷெனண்டோவா ஆறுகள் கூடும் இடம் என்பதால் சக்கரம் சுழற்ற நீர்விசை தாராளம். 1796இல் நிலம் வாங்கி, 1799இல் வேலை தொடங்கி, 1861 வரை ஆறு லட்சத்துக்கும் மேல் துப்பாக்கிகள் செய்தார்கள். கூடவே ஒரு பெரிய தொழில்நுட்பப் பாய்ச்சலும் அங்கே நடந்தது. எந்தத் துப்பாக்கியின் பாகமும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டும் என்று ஜான் ஹால் பாடுபட்டார்; அளவுக் கருவிகளை வைத்து ஒவ்வொரு பாகத்தையும் சோதித்து, 1820களில் அதைச் சாதித்தும் காட்டினார். ஆற்றங்கரை என்றால் வெள்ளமும் வரும். அந்தத் தொல்லை கடைசிவரை தீரவில்லை.

கேள்வி: அத்தனை பெரிய தொழிற்சாலையில் இந்த ஒரு கொட்டகை மட்டும் எப்படித் தப்பியது?

பதில்: தீயணைப்புக் கொட்டகை மட்டும் தீயில் தப்பியது வேடிக்கைதான். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் படை நெருங்குவதறிந்து, ஏப்ரல் 18 இரவு அரசுப் படையே தீ வைத்துவிட்டு வெளியேறியது. ஆயுதக் கிடங்கில் 15,000 துப்பாக்கிகள் சாம்பல். ஊர்க்காரர்கள் தீயை அணைத்துப் பட்டறை இயந்திரங்களைக் காப்பாற்றினார்கள். தெற்கத்தியர் அவற்றைக் கழற்றி ரிச்மண்டுக்கும் ஃபேயட்வில்லுக்கும் அனுப்பினார்கள். ஜூனில் அவர்கள் பின்வாங்கும்போது மிச்சக் கட்டடங்களுக்கும் தீ வைத்தார்கள். போருக்குப் பின் அரசு அந்தத் தொழிற்சாலையைத் திரும்ப நடத்தவில்லை.

கேள்வி: அதே ஊரில் ஹேவர்ட் ஷெப்பர்ட் என்பவருக்கும் ஒரு கல் இருக்கிறது. அவர் யார்?

பதில்: ரயில் நிலையத்தில் சுமை தூக்கிய சுதந்திரக் கறுப்பினத்தவர், பிரவுன் ஆட்கள் சுட்டதில் முதலில் இறந்தவர். 1931இல் அந்தக் கல்லை வைத்தவை தெற்குப் படையினரின் வழித்தோன்றல் சங்கங்கள். அவர் சாவைக் காட்டி, அடிமை முறைக்கு விசுவாசமாக இருந்ததாகக் கறுப்பின மக்களைப் புகழ்கிறது வாசகம். அவர் அடிமையே அல்ல என்பதை மறந்துவிட்டார்கள் போலும். இப்படிப்பட்ட கல்லில் வைத்தவர் பெயரையும் ஆண்டையும் முதலில் படியுங்கள், வாசகத்தைப் பிறகு. இதற்குப் பதிலடியாக 1932இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் எழுதிய வாசகத்துடன் பிரவுனைப் போற்றும் பலகை ஒன்று தயாரானது. ஸ்டோரர் கல்லூரி நிர்வாகம் அதை ஏற்க மறுத்தது. 2006இல்தான் அது அந்த வளாகத்தில், கோட்டை முன்பு நின்ற இடத்தில் ஏறியது.