நார்டிக் நாடுகளில் ஆன்லைன் கடை: எங்கே தொடங்குவது, எதில் கவனம் வேண்டும்? – கேள்வி பதில்

ஸ்வீடனின் மால்மோவில் இருக்கிறேன். வெளிநாட்டு ஆன்லைன் கடைகள் இந்தப் பக்கம் கால் வைக்கும்போது வரி, டெலிவரி, ரிட்டர்ன் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து தருவது என் வேலை. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருப்பூர், குழந்தை ஆடை தயாரிப்பாளர்: வணக்கம் அக்கா. பச்சைக் குழந்தைகளுக்கான காட்டன் உடுப்பு தைத்து சொந்த சைட்டில் விற்கிறோம். ஜெர்மனியில் ஒரு கிடங்கில் கொஞ்சம் ஸ்டாக் இருக்கிறது. நார்டிக் நாடுகள் ஐந்துக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரே சைட்டாகத் திறந்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. ஐந்து நாட்டையும் கூட்டினால் மக்கள்தொகை சுமார் 2.8 கோடி. தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. அதற்குள் ஐந்து நாணயம் புழங்குகிறது. பின்லாந்தில் மட்டும் யூரோ, மற்ற நாலு நாட்டுக்கும் தனித்தனிப் பணம். ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து மூன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கின்றன. நார்வேயும் ஐஸ்லாந்தும் ஒன்றியத்துக்கு வெளியே, அங்கே போகும் ஒவ்வொரு பார்சலும் கஸ்டம்ஸைத் தாண்ட வேண்டும். வாட் (நம் ஜிஎஸ்டி போன்ற விற்பனை வரி) ஸ்வீடன், டென்மார்க், நார்வேயில் 25 சதவீதம், பின்லாந்தில் 2024 செப்டம்பரிலிருந்து 25.5, ஐஸ்லாந்தில் 24.

எல்லாரும் பெரிய நாடு என்று ஸ்வீடனைச் சொல்வார்கள். உங்களுக்கு நான் டென்மார்க்கைச் சொல்வேன். ஸ்டாக் ஏற்கெனவே ஜெர்மனியில் இருக்கிறது, எல்லை பக்கத்தில், நடுவில் கஸ்டம்ஸ் இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒன்றியத்துக்குள் நாடு விட்டு நாடு விற்பதற்கு ஆண்டுக்கு 10,000 யூரோ வரை சலுகை உண்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது ஒன்றியத்திலேயே நிறுவப்பட்ட கம்பெனிக்கு மட்டும்தான். இந்தியக் கம்பெனி முதல் சட்டையிலிருந்தே டென்மார்க் வாட் கட்ட வேண்டும். ஜெர்மனியில் ஓஎஸ்எஸ் (பல ஒன்றிய நாடுகளின் வாட்டை ஒரே இடத்தில் கட்டும் முறை) பதிவு எடுத்துக்கொண்டால் டென்மார்க்கில் தனிப் பதிவு இல்லாமல் அங்கிருந்தே கட்டிவிடலாம்.

மொழி விஷயத்தில், இங்கே எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் குழந்தையின் தோலில் படும் துணியைப் பற்றி ஒரு தாய் தன் மொழியில்தான் படிக்க விரும்புவாள். விலை டேனிஷ் குரோனேயில் இருக்கட்டும், அளவு செ.மீ.யில் இருக்கட்டும், 50/56, 62/68 என்று. ஹூடிலும் கழுத்திலும் இழுக்கும் கயிறு வைக்காதீர்கள், 7 வயதுக்குக் கீழான உடுப்புக்கு ஐரோப்பியத் தர விதி அதை ஏற்காது. 2024 டிசம்பர் 13 முதல் ஒன்றியத்துக்குள் ஒரு பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் சரக்கிலும் சைட்டிலும் இருந்தாக வேண்டும். உங்கள் கிடங்குக்காரர் அந்தப் பொறுப்பை ஏற்பாரா என்று முதலில் கேளுங்கள்.

கரூர், வீட்டு ஜவுளி: மேடம், பெட்ஷீட், தலையணை உறை, குயில்ட் உறை செட்டாக அனுப்புகிறோம். ஐரோப்பாவுக்கு ஓடும் அளவே நார்டிக் நாடுகளுக்கும் சரிதானே?

சரியில்லை, இதில்தான் பலர் ஸ்டாக்கை மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் போர்வை 150x210 செ.மீ., தலையணை 50x60. நார்வேயில் போர்வை 140x200 அல்லது 140x220, தலையணை 50x70. டென்மார்க்கில் போர்வை நார்வே அளவுதான், ஆனால் தலையணை 60x63. ஸ்வீடனுக்கு அடித்த செட் மால்மோவிலிருந்து பாலத்தைத் தாண்டினால் கோபன்ஹேகனில் பொருந்தாது.

இன்னொன்று, இங்கே கணவன் மனைவி ஒரே கட்டிலில் படுத்தாலும் ஆளுக்கொரு போர்வை. அதனால் டபுள் உறை ஒன்றைவிட சிங்கிள் உறை இரண்டு அடங்கிய செட்டுக்குத்தான் கேட்பு அதிகம். இங்கே வீட்டுக்குள் சூடு சீராக இருப்பதால் மெல்லிய, அடர்த்தியான பெர்கேல் காட்டன் உறை நன்றாகப் போகும். உங்கள் ஊர்த் தறிகளுக்கு அது புதிதல்ல. கரூர்க்காரர்கள் இந்தச் சந்தையில் இன்னும் பெரிதாக வர வேண்டும் என்பது என் ஆசை.

கோயம்புத்தூர், புதிதாகத் தொடங்குபவர்: இந்தியாவிலிருந்தே ஒவ்வொரு ஆர்டராகக் கூரியரில் அனுப்பினால் வரியை யார் கட்டுவது?

வாங்குபவர் கட்டும்படி விடாதீர்கள். 2018 மார்ச்சில் ஸ்வீடன் தபால் நிறுவனமான போஸ்ட்நோர்ட், ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் சின்னப் பார்சலுக்கு வாட்டோடு 75 குரோனா கையாளும் கட்டணமும் வாங்கத் தொடங்கியது. மலிவு விலைப் பொருளுக்கு அதைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டி வந்ததும், மக்கள் அப்படி ஆர்டர் போடுவதையே பெருமளவு நிறுத்திவிட்டார்கள். கதவருகே எதிர்பாராத பில் வந்தால் இந்த ஊர்க்காரர் பார்சலை வாங்கவே மாட்டார், திரும்பவும் உங்கள் கடைக்கு வர மாட்டார்.

ஒன்றிய நாடுகளுக்கு, 150 யூரோவுக்கு மேற்படாத பார்சல் என்றால் ஐஓஎஸ்எஸ் (வெளியிலிருந்து வரும் பார்சலுக்கான ஓஎஸ்எஸ்) பதிவு எடுத்து, பில் போடும்போதே வாட்டை வாங்கிக் கட்டிவிடலாம். 2021 ஜூலையிலிருந்து இந்த முறை இருக்கிறது. இந்தியக் கம்பெனி இதை ஒன்றியத்திலுள்ள ஒரு இடைநிலையாளர் வழியாகத்தான் செய்ய முடியும். இதுவரை அந்தச் சின்னப் பார்சல்களுக்கு சுங்கவரி இருக்கவில்லை. 2026 ஜூலை 1 முதல் பொருள் வகை ஒவ்வொன்றுக்கும் 3 யூரோ என்று ஒன்றியம் முடிவு செய்திருக்கிறது. விலை போடும்போது இதைச் சேர்த்துப் போடுங்கள்.

நார்வேக்கு முறை வேறு. ஒரு பொருள் 3000 நார்வே குரோனேவுக்குக் கீழே இருந்தால் விஓஇசி என்ற நார்வேயின் வாட் பதிவில் வாட்டை விற்கும்போதே வாங்கலாம். இந்தியாவுக்கும் நார்வே அடங்கிய எஃப்டா (ஒன்றியத்தில் சேராத நாலு ஐரோப்பிய நாடுகளின் வர்த்தகக் கூட்டு) நாடுகளுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தியாவில் செய்தது என்பதற்கான சான்று சரியாக இருந்தால், ஆடை போன்ற தொழில் பொருட்களுக்கு நார்வேயில் சுங்கவரி இல்லை. மொத்தமாக அனுப்பி அங்கே ஸ்டாக் வைக்க நினைப்பவருக்கு இது பெரிய வாய்ப்பு.

சென்னை: பேமெண்ட்டுக்கு கார்டு மட்டும் போதாதா அக்கா?

ஓட்டலாம், ஆனால் நிறைய பேர் கடைசிப் பக்கத்தில் ஆர்டரை முடிக்காமல் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஸ்வீடனில் ஸ்விஷ் (போனில் கட்டும் செயலி), கிளார்னா (வாங்கிவிட்டுப் பிறகு கட்டும் வசதி) வேண்டும். போனில் கட்ட நார்வேயில் விப்ஸ், டென்மார்க்கில் மொபைல்பே (இந்த இரண்டும் 2022இல் இணைந்துவிட்டன). டென்மார்க்கில் டான்கார்ட் என்ற சொந்த கார்டும் உண்டு. பின்லாந்துக்காரர் தன் வங்கியின் பட்டனை அழுத்தி நேராகக் கணக்கிலிருந்து கட்டிப் பழகியவர். இவற்றை இந்தியக் கம்பெனி பெயரில் வாங்குவது கடினம். ஒன்றியத்தில் ஒரு கிளைக் கம்பெனி இருந்தால் வேலை சுலபம்.

ஸ்வீடனில் ஒரு சட்டம் உண்டு: 2020 ஜூலையிலிருந்து, கடன் பேமெண்ட்டை மற்ற வழிகளுக்கு மேலே வைக்கக் கூடாது, முன்கூட்டியே தேர்வு செய்தும் வைக்கக் கூடாது. உங்கள் டெவலப்பரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஒஸ்லோ, புடவை–நகைக் கடை நடத்தும் சகோதரி: இங்கே நம் ஆட்களிடம் வியாபாரம் நன்றாகப் போகிறது. ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன் தமிழர்களும் கேட்கிறார்கள். ஒஸ்லோவிலிருந்தே அனுப்பலாமா?

சின்ன ஆர்டர் என்றால் அனுப்பலாம். நார்வேயில் நிறுவப்பட்ட கடை நார்வேயிலிருந்து அனுப்பும்போது ஐஓஎஸ்எஸ்ஸுக்கு இடைநிலையாளர் தேவையில்லை, அது உங்களுக்கு ஒரு வசதி. ஆனால் காஞ்சிபுரம் பட்டு 150 யூரோவில் அடங்காது. அதோடு, நார்வேக்கு வந்த இந்தியப் புடவை நார்வே சரக்கு ஆகிவிடாது. ஸ்வீடன் எல்லையில் அதற்கு மறுபடியும் சுங்கவரி விழும். விலை கூடிய புடவைகளை இந்தியாவிலிருந்து நேராக ஸ்வீடனில் இறக்கி, அங்கேயே ஒரு சிறு ஸ்டாக் வையுங்கள். டென்மார்க்குக்கும் அங்கிருந்தே போகும்.

நகையில் கண்டிப்பாகக் கவனம் வேண்டும், கவரிங் நகை என்றால் இன்னும் அதிகமாக. ஈயம் 0.05 சதவீதத்தையும் காட்மியம் 0.01 சதவீதத்தையும் எட்டக் கூடாது, தோலில் படும் நகையிலிருந்து நிக்கல் கசிவதற்கும் வரம்பு உண்டு. சப்ளையரின் வாய்வார்த்தையை நம்பாமல் லேப் ரிப்போர்ட் கேளுங்கள். குழந்தைகளும் போடுகிற பொருள் அது.

ஈரோடு: ரிட்டர்ன் அதிகம் வரும் என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

வரும். ஆடை என்றால் கட்டாயம் வரும், கணக்கில் முதலிலேயே அதை எழுதிவிடுங்கள். வாங்கியவர் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பலாம். திருப்பும் செலவு அவருடையது என்று முன்கூட்டிச் சொல்லவில்லை என்றால் அது உங்கள் தலையில். ரிட்டர்ன் முகவரி ஈரோடு என்று போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள், உள்ளூர் முகவரி ஒன்று வேண்டும். 2026 ஜூன் 19 முதல், ஆர்டரை விலக்கிக்கொள்ள ஒரு பட்டனும் சைட்டில் இருக்க வேண்டும் என்பது ஒன்றிய விதி.

பொருளில் பழுது இருந்தால் வாங்கியவர் உங்களிடம் கேட்கும் உரிமை இதிலிருந்து வேறு. ஸ்வீடனில் 3 ஆண்டு, டென்மார்க்கில் 2. நார்வேயில் 2, நெடுநாள் உழைக்க வேண்டிய பொருளுக்கு 5. பின்லாந்தில் நிலையான வரம்பு கிடையாது, அந்தப் பொருள் நியாயமாக எவ்வளவு காலம் உழைக்க வேண்டுமோ அதுவரை.

யாழ்ப்பாணம், பனைப் பொருட்கள்: எங்கள் கூடைகளுக்கு “சுற்றுச்சூழலுக்கு உகந்தது” என்று போடலாமா?

வெறுமனே அப்படிப் போடாதீர்கள். இங்கே நுகர்வோர் அமைப்புகள் இதைக் கூர்ந்து பார்க்கும், 2026 செப்டம்பர் 27 முதல் ஒன்றியம் முழுக்க சான்று இல்லாத பொதுவான பசுமை வாசகங்களுக்குத் தடையும் வருகிறது. “பனையோலையில் கையால் முடைந்தது, சாயம் இல்லை” என்று உண்மையை அப்படியே எழுதுங்கள். இந்த மக்களுக்கு அதுதான் பிடிக்கும்.

மதுரை: அமேசானில் ஏறிவிட்டால் முடிந்ததா?

இந்த ஐந்தில் ஸ்வீடனுக்கு மட்டும்தான் அமேசானின் தனித் தளம், 2020 அக்டோபரில் வந்தது. சோதித்துப் பார்க்க நல்ல இடம். ஆனால் இயந்திர மொழிபெயர்ப்பை நம்பாமல் ஸ்வீடிஷ்காரர் ஒருவரை வைத்து எழுதுங்கள்.

திருச்சி: டெலிவரி வீட்டு வாசலுக்குத்தானே?

பெரும்பாலும் இல்லை. பக்கத்து மளிகைக் கடை கவுண்டர் அல்லது பார்சல் லாக்கரில்தான் எடுப்பார்கள். பின்லாந்தில் லாக்கர் பழக்கம் ரொம்ப அதிகம். எந்த இடத்தில் எடுப்பது என்று வாங்குபவரே தேர்வு செய்யும் வசதி இருக்கட்டும். பின்லாந்தில் 22 என்று தொடங்கும் அஞ்சல் எண் ஓலாந்து தீவுகளுடையது. அது ஒன்றியத்தின் வாட் பகுதிக்கு வெளியே இருப்பதால், தொடக்கத்தில் அந்த எண்களை சைட்டில் தடுத்து வைப்பது நல்லது.

சேலம்: எந்த மாதம் தொடங்கலாம்?

ஜூலையில் வேண்டாம், ஸ்வீடனிலும் பின்லாந்திலும் பாதி நாடு விடுமுறையில் இருக்கும். நவம்பரும் வேண்டாம், பிளாக் ஃப்ரைடே நெரிசலில் புதுக் கடையை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறந்த பிறகு தொடங்கினால், நவம்பருக்குள் டிரஸ்ட்பைலட் என்ற ரிவ்யூ தளத்தில் கொஞ்சம் ரிவ்யூ சேர்ந்திருக்கும். தள்ளுபடி போடும்போது, அதற்கு முந்தைய 30 நாளில் நீங்கள் வைத்த மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். அக்டோபரிலேயே விலையை மாற்றி வைத்து விளையாடாதீர்கள்.