இடைவெளி இருந்தாலும் முழு ஓய்வூதியம் உண்டு

கேள்வி: என் மாமா மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெற்று, நான்கு மாதம் கழித்து உயர் நீதிமன்றக் கூடுதல் நீதிபதியானார். 62 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நான்கு மாத இடைவெளியையும் அவர் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்ததையும் காட்டி ஓய்வூதியத்தைக் குறைத்திருக்கிறார்கள். சரிதானா?

சரியில்லை. 2025 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 13,50,000 ரூபாய் முழு ஓய்வூதியம் தர வேண்டும். தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்றவருக்கு 15,00,000 ரூபாய். வழக்கறிஞராக இருந்து வந்தவரா, கீழமை நீதிமன்றத்திலிருந்து வந்தவரா, எத்தனை ஆண்டு பணி, நிரந்தர நீதிபதியா, கூடுதல் நீதிபதியா என்ற பேதம் எதுவும் கிடையாது. பணி இடைவெளியும், புதிய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்ததும் தடையில்லை. நியமன ஆணை வந்த நாளுக்கு நீதிபதி பொறுப்பாக முடியாதே!

முதலில் ஓய்வூதிய ஆணையை எடுத்துப் பாருங்கள். அடிப்படை ஓய்வூதியம் மாதம் 1,12,500 என்று இருக்க வேண்டும். 2,25,000 ரூபாய் சம்பளத்தில் சரிபாதி அது. வங்கிக் கணக்கில் வரவாகும் தொகையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கம்யூட்டேஷன், அதாவது ஓய்வூதியத்தின் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக, வாங்கியிருந்தால் மாதாமாதம் அந்தப் பங்கு கழிந்துதான் வரும். அது குறைவான நிர்ணயம் ஆகாது. ஆனால் அகவிலை நிவாரணத்தைக் கழிவுக்கு முந்தைய முழு அடிப்படைத் தொகைக்குத்தான் கணக்கிட வேண்டும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஆணையிலேயே தொகை குறைந்திருந்தால் மனு இரண்டாகப் போக வேண்டும்: ஒன்று ஓய்வூதியத் திருத்தத்துக்கு, மற்றது புதிய ஓய்வூதியத் திட்டப் பணத்துக்கு. உயர் நீதிமன்ற நீதிபதியின் சம்பளம் மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது மாநில அரசின் பொது நிதியிலிருந்து, வருகிறது. ஓய்வூதியமோ இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து. ஆகவே திருத்த நிர்ணயம் கோரும் மனுவை, நியமன ஆணைகள், இரு பதவிகளிலும் பொறுப்பேற்ற, விடுவிக்கப்பட்ட நாள்களுக்கான சான்றுகள், தீர்ப்பின் நகல் ஆகியவற்றுடன் உயர் நீதிமன்றத் தலைமைப் பதிவாளர் வழியாக மாநிலக் கணக்காயருக்கு அனுப்புங்கள்.

புதிய ஓய்வூதியத் திட்டப் பணம் தனிக் கதை. மாமா செலுத்திய சந்தா முழுவதையும், அதில் சேர்ந்த ஈவுத்தொகையையும் அவருக்குத் திருப்பித் தர வேண்டியது மாநில அரசு. அரசு செலுத்திய பங்கும் அதன் ஈவுத்தொகையும் அரசுக்கே போகும். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால், ஒரு கோரிக்கைக்கு மட்டும் பதில் வந்து மற்றது கோப்பிலேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம்.

நிலுவை மொத்தமாக வந்தால் அந்த ஆண்டு வருமான வரி கூடும். நிலுவையை உரிய ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கிட்டு வரி நிவாரணம் பெறலாம். அதற்கான படிவத்தை வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன்பே இணையத்தில் பதிவு செய்துவிட வேண்டும்.