ஊர்க் கூட்டம் சொல்லும் ஓட்டும் உங்கள் ஓட்டும்

கேள்வி: மன்னார் வளைகுடாக் கரையில் கடல்பாசி எடுத்துப் பிழைக்கிறேன். நாடாளுமன்றத் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று ஆண்கள் மட்டும் கூடி முடிவு செய்கிறார்கள். மாற்றிப் போட்டால் குடும்பத்தையே ஒதுக்கி வைப்போம், உன் பாசியை யாரும் வாங்க மாட்டார்கள் என்கிறார்கள். யாருக்குப் போட்டேன் என்று தெரிந்துவிடுமா? யாரிடம் சொல்வது? எங்களில் ஒருத்தி தேர்தலில் நிற்க முடியாதா?
— ராமநாதபுரம் மாவட்ட வாசகி

பதில்: யாருக்குப் போட்டீர்கள் என்று யாருக்கும் தெரியாது, சகோதரி. பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு 7 விநாடி தெரியும், அப்புறம் உள்ளே விழுந்துவிடும். அதில் சின்னம் இருக்கும், உங்கள் பெயர் இருக்காது. ஆனால் பூத் வாரியாக எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு என்ற கணக்கு பின்னால் வெளியாகும். அதைக் காட்டித்தான் "எங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று மிரட்டுவார்கள். குறைந்த ஓட்டு யாருடையது என்று அந்தக் கணக்கு சொல்லாது.

ஊரை விட்டு ஒதுக்குவோம் என்று வாக்காளரை மிரட்டுவதை 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பெயர் சொல்லியே முறைகேடு என்கிறது. வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு வேறு யாருமோ செய்திருந்தால் வெற்றியே ரத்தாகலாம். சாமி குத்தம் வரும் என்று பயமுறுத்துவதும் அதே பிரிவில்தான் வருகிறது. வாக்காளரை மிரட்டுவோருக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 174ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு.

சரி, புகாருக்கு வருவோம். யார், எந்தத் தேதியில், யார் முன்னால், என்ன சொன்னார் என்பதை அவர் பேசிய வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு வந்திருந்தால் அழிக்காதீர்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் தேர்தல் ஆணையத்தின் புகார் செயலியான சி-விஜில் வேலை செய்யும். அதில் பழைய படத்தை ஏற்ற முடியாது, சம்பவ இடத்திலேயே எடுக்க வேண்டும், பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். எழுத்துப் புகாரை மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டரிடம் கொடுங்கள். காவல் நிலையத்தில் "மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும்" என்று சொல்லக்கூடும். 174ஆவது பிரிவுக்கு அது உண்மைதான். அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் பட்டியல் சாதியினராகவும் மிரட்டுபவர் அப்படி இல்லாதவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நேரடியாக வழக்குப் பதியலாம்.

தேர்தல் முடிந்தபின் உண்மையிலேயே ஒதுக்கினால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு வக்கீல் இலவசம். தொலைபேசி 15100. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகவும் அவர்களே உதவுவார்கள். இதில் அதிகாரிகளும் உடந்தை என்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் மனு போட வேண்டும்.

நிற்பது பற்றி. 25 வயது, சுயேச்சை என்றால் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிவு, 25,000 ரூபாய் டெபாசிட் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி) போதும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 2023ஆம் ஆண்டுச் சட்டம் தொகுதி மறுவரையறைக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 2024இல் 543 பேரில் 74 பெண்கள்தான் ஜெயித்தார்கள். அதனால் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிராம சபையிலிருந்து தொடங்குங்கள். ஆண்கள் கூடும் அந்தக் கூட்டத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, கிராம சபைக்கு உண்டு. ஊராட்சியில் பாதி இடமும் பெண்களுக்குத்தான். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசிக்கு இறங்கும்போது யாரும் தனியாக இறங்குவதில்லையே. மனுவிலும் அப்படியே, கூட இறங்குகிறவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒருத்தியை ஒதுக்கலாம், இருபது பேரை ஒதுக்கினால் அந்த ஊரில் பாசி எடுக்க யார் இருப்பார்கள்?